ஈஆரா, அர்ஜென்ட் கேரா? ட்ரையாஜ் நர்ஸ் போடும் கணக்கு

சனிக்கிழமை மாலை ஏழு மணி இருக்கும். அவகாடோ கொட்டையைக் கத்தி முனையால் நெம்பி எடுக்கப் போய், கத்தி வழுக்கி இடது கை ஆள்காட்டி விரலின் அடியில் இறங்கிவிட்டது. ரத்தத்தைப் பார்த்ததும் வீட்டில் ஒருவர் கார் சாவியைத் தேடினார். இன்னொருவர் அவசர உதவி எண் 911-ஐ அழைக்கலாமா என்றார். நான் சிங்க் பக்கத்தில் விரலில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றேன். அமெரிக்காவில் குடியிருப்பவர்களுக்கு அடுத்த கேள்வி என்னவென்று தெரியும்: மருத்துவமனையின் எமர்ஜென்சி ரூமுக்கு (ஈஆர்) போவதா, அர்ஜென்ட் கேர் என்ற கிளினிக்குக்குப் போவதா? முதலாவது இரவு முழுக்கத் திறந்திருக்கும். இரண்டாவது எட்டு மணிக்கு மூடிவிடும்.

இந்தக் கேள்வி வரும்போது நாம் பார்ப்பது ரத்தம் எவ்வளவு, வலி எவ்வளவு என்பதைத்தான். இரண்டையும் நம்ப முடியாது. பல்வலி உயிர் போவது போல் வலிக்கும், பெரும்பாலும் உயிர் போகாது. மாரடைப்போ, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் வியர்வையும் சோர்வுமாக வந்து நிற்கலாம். வலியை விட்டுவிட்டு வேறு ஏதாவது அளவுகோலைத் தேட வேண்டும். நல்லவேளை, அப்படி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஈஆர் வாசலில் உட்கார்ந்திருக்கும் நர்ஸ் தினமும் அதைத்தான் பயன்படுத்துகிறார்.

ஐந்து படிகள்

ஈஆருக்குள் நுழைந்ததும் நம்மை முதலில் எடைபோடுபவர் பெரும்பாலும் டாக்டர் அல்ல, ட்ரையாஜ் நர்ஸ்தான். யார் முதலில் வந்தார் என்று அவர் பார்ப்பதில்லை. யாரைக் காக்க வைக்கக் கூடாது என்றுதான் பார்க்கிறார். அமெரிக்காவில் பெரும்பாலான மருத்துவமனைகள் இதற்கு ஈஎஸ்ஐ (எமர்ஜென்சி செவரிட்டி இண்டெக்ஸ்) என்ற ஐந்து படி முறையை வைத்திருக்கின்றன. ரிச்சர்ட் வூர்ஸ், டேவிட் ஐட்டல் என்ற இரண்டு எமர்ஜென்சி டாக்டர்கள் 1990களின் கடைசியில் உருவாக்கியது இது. முதல் படியில் இருப்பவருக்கு அந்த நொடியே சிகிச்சை தொடங்காவிட்டால் உயிர் போய்விடும். இரண்டாம் படியில் இருப்பவர் இப்போது பேசிக்கொண்டிருப்பார், ஆனால் எந்த நேரமும் சரியலாம். மார்வலி, புதிதாக வந்த குழப்பம், ஒரு பக்கம் கை கால் விழுவது எல்லாம் இதில் அடங்கும்.

மூன்று, நான்கு, ஐந்து படிகளைப் பிரிக்கும் விதம்தான் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது. நோய் எவ்வளவு கடுமை என்பதை வைத்துப் பிரிப்பதில்லை. இவருக்கு எத்தனை வகை வேலை பார்க்க வேண்டியிருக்கும் என்று நர்ஸ் மனக்கணக்கு போடுகிறார். ரத்தப் பரிசோதனை என்றால் ஒன்று. ஸ்கேன் ஒன்று. ரத்தக் குழாய் வழியாக மருந்து ஏற்றுவது ஒன்று. இப்படி இரண்டோ அதற்கு மேலோ தேவைப்பட்டால் மூன்றாம் படி. ஒரே ஒரு வேலை என்றால் நான்காம் படி. பார்த்துவிட்டு மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்தால் போதும் என்றால் ஐந்தாம் படி. மூன்றாம் படிக்கு வரும் வயது வந்தவருக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டியிருந்தாலோ, மூச்சு நிமிடத்துக்கு 20-க்கு மேல் ஓடினாலோ, ரத்தத்தில் ஆக்சிஜன் 92 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருந்தாலோ, இரண்டாம் படிக்கு ஏற்ற வேண்டுமா என்று நர்ஸ் யோசிப்பார்.

இதே கணக்கை நாம் வீட்டில் போட்டுப் பார்க்கலாம். இவர் நிலைமை இன்னும் சில மணி நேரத்தில் மோசமாகுமா? இல்லை என்றால், அங்கே போனால் இவருக்கு என்னென்ன செய்வார்கள்? ஒரு வேலை அல்லது அதுவும் இல்லை என்று பதில் வந்தால், அர்ஜென்ட் கேர் உருவானதே அவருக்காகத்தான். அவரை ஈஆருக்குக் கூட்டிப் போனாலும் பார்ப்பார்கள். ஆனால் பின்னால் வந்தவர்களெல்லாம் முன்னால் போவதைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்குக் காரணம் வாசலில் இருக்கும் கூட்டம் மட்டும் இல்லை. அட்மிட் செய்ய முடிவான நோயாளிகளுக்கு மேல் மாடியில் படுக்கை கிடைக்காமல், அவர்கள் ஈஆர் படுக்கையிலேயே கிடப்பார்கள். கீழே இடம் காலியானால்தான் உங்களைக் கூப்பிட முடியும்.

சரி, என் விரலுக்கு வருவோம். சுத்தமான துணியை வைத்து, நடுவில் எடுத்து எட்டிப் பார்க்காமல், கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் அழுத்திப் பிடித்தேன். எட்டிப் பார்க்காமல் இருப்பதுதான் கஷ்டம். பார்க்கிற ஒவ்வொரு முறையும் உறைந்த ரத்தம் கிழிந்து முதலிலிருந்து தொடங்கும். ரத்தம் நின்றது. அப்புறம் விரலின் ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியாக மடக்கி நீட்டிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, விரல் நுனியை டிஷ்யூ முனையால் தொடச் சொன்னேன். தொட்டது தெரிந்தது. விரல் மடங்காமல் போயிருந்தாலோ நுனி மரத்திருந்தாலோ தசைநாணோ நரம்போ அறுந்திருக்கலாம். அதற்குக் கை அறுவை டாக்டர் தேவைப்படும், தையலோடு முடியாது. மூட வேண்டிய நேரம் நெருங்கியதால் கிளினிக்குக்கு முதலில் போன் போட்டேன். "ஏழே முக்காலுக்குள் வந்தால் பார்ப்போம்" என்றார்கள். நான்கு தையல். கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்ததால் அதையும் போட்டார்கள். ஈஎஸ்ஐ கணக்கில் தையல்தான் ஒரு வேலை, டெட்டனஸ் ஊசி எண்ணிக்கையில்கூட வராது. அசல் நான்காம் படிக் கேஸ்.

எங்கே என்ன இருக்கிறது

அர்ஜென்ட் கேர் என்றால் சின்ன ஈஆர் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது நேரம் நீட்டிக்கப்பட்ட, அப்பாயின்ட்மென்ட் கேட்காத குடும்ப டாக்டர் கிளினிக். பல இடங்களில் நம்மைப் பார்ப்பவர் டாக்டராக இல்லாமல், நோயாளியைப் பார்த்து மருந்து எழுதத் தகுதி பெற்ற பிஏ (ஃபிசிஷியன் அசிஸ்டென்ட்) அல்லது நர்ஸ் பிராக்டிஷனராக இருப்பார். எக்ஸ்ரே இருக்கும், ஆனால் அதை எடுப்பவர் எல்லா நேரமும் இருக்கமாட்டார். சுளுக்கா எலும்பு முறிவா என்று பார்க்கப் போகிறவர்கள் அதை முதலில் போனில் கேட்டுக்கொள்வது நல்லது. தொண்டைத் தொற்று, ஃப்ளூ, கோவிட், சிறுநீர்த் தொற்று ஆகியவற்றுக்கு உடனடிப் பரிசோதனை செய்வார்கள். தையல் போடுவார்கள், கட்டுப் போடுவார்கள், லேசான ஆஸ்துமாவுக்கு நெபுலைசர் வைப்பார்கள். சிடி ஸ்கேன் பொதுவாக இருக்காது. ரத்தம் எடுத்தாலும் பல பரிசோதனைகளுக்கு முடிவு மறுநாள்தான் வரும். ராத்திரி தங்கவைத்துக் கவனிக்கப் படுக்கை கிடையாது.

இரண்டின் வரலாறும் அவ்வளவு நீளமில்லை. 1961-இல் வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா மருத்துவமனையில் ஜேம்ஸ் மில்ஸ் என்ற டாக்டரும் மூன்று சகாக்களும் தங்கள் சொந்தப் பிராக்டிஸை விட்டுவிட்டு, ஈஆரை மட்டுமே முழு நேரம் பார்ப்பது என்று இறங்கினார்கள். அதுவரை பல ஊர்களில் ஈஆர் என்பது முறை வைத்து யாரோ ஒரு டாக்டர் வந்துபோகும் அறைதான். எமர்ஜென்சி மருத்துவம் தனித் துறையாக அங்கீகாரம் பெற்றது 1979-இல். அர்ஜென்ட் கேர் கிளினிக்குகள் 1970களில் தலைகாட்டத் தொடங்கின. ஆரம்பத்தில் மற்ற டாக்டர்கள் அவற்றைப் 'பெட்டிக்குள் டாக்டர்' என்ற பொருளில் கேலி செய்தார்கள்.

சிடி இல்லை, உடனடி ரத்தப் பரிசோதனை இல்லை என்ற இரண்டு குறைகளை மட்டும் நினைவில் வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும். மார்வலியை எடுத்துக்கொள்ளுங்கள். மாரடைப்பா என்று பார்க்க, வந்த பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது ஈஆர்களின் இலக்கு. ஆனால் ஈசிஜி சரியாக இருப்பதாலேயே மாரடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. இதயத் தசை சேதமடைந்தால் ரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்ற புரதத்தைச் சில மணி நேர இடைவெளியில் மறுபடியும் அளந்து, ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். அர்ஜென்ட் கேரில் ஈசிஜி எடுக்கலாம், இந்த இரண்டாவது வேலைக்கு வழியில்லை. அங்கே போனால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு ஈஆருக்கே அனுப்புவார்கள். போன நேரமும் போய், பில்லும் இரண்டாகும்.

நம்மிடம் ஒரு வழக்கம் உண்டு. மார் அடைப்பது போல் இருந்தால் "வாயுப் பிடிப்பு", "சாப்பிட்டது செரிக்கலை" என்று சொல்லி ஒரு டம்ளர் சோடாவோ ஓமத்தண்ணீரோ குடித்துவிட்டுப் படுத்துவிடுவது. தெற்காசியர்களுக்கு இதய நோய் மற்றவர்களைவிட அதிகமாகவும் இளம் வயதிலும் வருகிறது என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். எனவே நாற்பதைத் தாண்டிய ஒருவருக்கு, அதிலும் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால், வியர்வையோடு வரும் 'வாயு' வாயுதானா இல்லையா என்று ஈஆர்தான் சொல்ல வேண்டும். அவரைக் கார் ஓட்ட விடக் கூடாது. நீங்கள் ஓட்டுவதைவிட 911 மேல், ஏனென்றால் ஆம்புலன்ஸிலேயே ஈசிஜி எடுத்து மருத்துவமனைக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள். அடைபட்ட ரத்தக் குழாயைத் திறக்கும் குழு நீங்கள் போய்ச் சேர்வதற்குள் தயாராகிவிடும். அதே சமயம், காய்ச்சலுக்கு ஆம்புலன்ஸில் போய் இறங்கினால் வரிசையில் முந்தலாம் என்று எண்ண வேண்டாம். ஆம்புலன்ஸில் வந்தவருக்கும் அதே ஐந்து படிதான், நாற்காலியில் உட்கார வைக்கவும் செய்வார்கள்.

பக்கவாதத்தில் கடிகாரம் இன்னும் வேகமாக ஓடும். மூளைக்குப் போகும் பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் அழிகின்றன என்று ஒரு கணக்கு உண்டு. அடைத்திருக்கும் ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன், அடைப்பா கசிவா என்று ஸ்கேனில் பார்த்தாக வேண்டும், ஏனென்றால் கசிவுக்கு அந்த மருந்து விஷம். வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது என்பதும் இதனால்தான். ஈஆரில் முதலில் கேட்பது "எப்போது தொடங்கியது" என்றுகூட இல்லை, "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்" என்றுதான். காலையில் எழும்போதே வாய் கோணியிருந்தால், நேற்று இரவு படுக்கப் போன நேரம்தான் கணக்கு.

வெளியில் சாதாரணமாகத் தெரிந்து உள்ளே கடிகாரம் ஓடும் வேறு சிலவும் இருக்கின்றன. ரிமோட்டில் போடும் பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால், உணவுக் குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சுட்டுப் புண்ணாக்கிவிடும். குழந்தை சிரித்து விளையாடிக்கொண்டிருந்தாலும் நேராக ஈஆர்தான். ஒரு வயதுக்கு மேற்பட்ட, விழுங்க முடிகிற குழந்தை என்றால் போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கச் சொல்வார்கள். தேன் பேட்டரி மேல் படிந்து புண்ணாவதைக் கொஞ்சம் குறைக்கும். அதற்காகப் புறப்படுவதைத் தள்ளிப்போடக் கூடாது. பதின்ம வயதுப் பையன் திடீரென்று அடிவயிறு வலிக்கிறது என்றால், தனியாகக் கூப்பிட்டு விரையில் வலிக்கிறதா என்று கேளுங்கள். வெட்கத்தில் தானாகச் சொல்லமாட்டான். விரை முறுக்கிக்கொண்டிருந்தால் அதைக் காப்பாற்ற ஏறத்தாழ ஆறு மணி நேரம்தான் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் என்றாலும் நேராக ஈஆர்தான். இரண்டு வயதுக் குழந்தைக்கு அதே 100.4 பெரும்பாலும் பெரிய விஷயமே இல்லை. ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை சாப்பிடும் தாத்தா குளியலறையில் வழுக்கித் தலையில் அடிபட்டால், எழுந்து நடந்தாலும் சிடி எடுக்க வேண்டியவர் அவர்.

ஒரு விசித்திரமான கேஸும் உண்டு. காலையில் படுக்கையறையில் வௌவால் ஒன்று பறந்துகொண்டிருக்கிறது, அங்கே குழந்தை தூங்கியிருக்கிறது. கடித்த தடம் எதுவும் இல்லை. வௌவால் பல் மிகச் சின்னது, தடம் தெரியாமலே போகலாம். ஆகவே ரேபிஸ் ஊசி தேவையா என்று ஊர்ச் சுகாதாரத் துறையைக் கேட்க வேண்டும். தேவை என்றால் முதல் நாள் கொடுக்கும் இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்புப் புரத ஊசி பெரும்பாலும் ஈஆரில்தான் இருக்கும், அர்ஜென்ட் கேரில் வைத்திருப்பது அரிது. வௌவாலைப் பிடிக்க முடிந்தால் விரட்டிவிடாமல் வையுங்கள். அதைப் பரிசோதித்து ரேபிஸ் இல்லை என்று தெரிந்தால் ஊசியே வேண்டாம்.

பில் பயம்

இதுவரை சொன்னது மருத்துவக் கணக்கு. ஆனால் பலர் ஈஆர் வாசலில் தயங்குவது பில்லை நினைத்துத்தான். அந்தப் பயம் பொய்யில்லை. ஈஆரில் டாக்டருக்குத் தனி பில், மருத்துவமனைக்குத் தனி பில். மருத்துவமனையின் பில்லிலும் ஐந்து நிலைகள் உண்டு, ஆனால் அவற்றின் வரிசை ட்ரையாஜுக்குத் தலைகீழ். இதில் 5 என்றால்தான் அதிகப் பணம். இருபத்துநாலு மணி நேரமும் ஸ்கேன், லேப், டாக்டர்கள் எல்லாம் தயாராக இருப்பதற்கான செலவை, சும்மா தொண்டை வலிக்கு வந்தவரும் சேர்த்துத்தான் கட்டுகிறார். அர்ஜென்ட் கேரில் பொதுவாக டாக்டர் ஆபீஸுக்குக் கட்டுவது போன்ற ஒரு கோபேயோடு (இன்சூரன்ஸ் போக நம் கையிலிருந்து கட்டும் நிலையான தொகை) வேலை முடிந்துவிடும்.

பயத்தைக் குறைக்கும் மூன்று சட்டங்கள் இருக்கின்றன. பழையது எம்டாலா, 1986-இல் வந்தது. மெடிகேர் என்ற முதியோருக்கான அரசு இன்சூரன்ஸின் பணம் வாங்கும் எந்த மருத்துவமனையின் ஈஆரும், இன்சூரன்ஸ் இருக்கிறதா, கையில் காசு இருக்கிறதா, குடியுரிமை என்ன என்றெல்லாம் பார்க்காமல் வந்தவரைப் பரிசோதித்து, ஆபத்து இருந்தால் நிலைப்படுத்த வேண்டும். இலவசம் என்று அர்த்தமில்லை, பில் பின்னால் வரும். ஆனால் வாசலோடு திருப்பி அனுப்ப முடியாது. தனியார் அர்ஜென்ட் கேருக்கு இந்தக் கடமை கிடையாது, காசு கட்டினால்தான் பார்ப்போம் என்று சொல்லலாம்.

அடுத்தது, 'விவேகமுள்ள சாதாரண மனிதர்' என்ற அளவுகோல். இதைப் பெரும்பாலான தனியார் இன்சூரன்ஸ்களுக்கும் விரித்தது 2010-ஆம் ஆண்டின் ஒபாமா கேர் சட்டம். மருத்துவம் படிக்காத, ஓரளவு விவரம் உள்ள ஒருவர் அந்த அறிகுறிகளைப் பார்த்து எமர்ஜென்சி என்று நினைத்திருப்பாரா? நினைத்திருப்பார் என்றால், கடைசியில் அது வெறும் அசிடிட்டி என்று தெரிந்தாலும் எமர்ஜென்சி என்றே இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்ள வேண்டும். முன்அனுமதி கேட்கக் கூடாது. "வாயுதானாம், இதுக்குப் போய் ஈஆரா?" என்ற குற்றவுணர்வுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. இன்சூரன்ஸ் அப்படியும் மறுத்தால், மேல்முறையீட்டுக் கடிதத்தில் கடைசியில் வந்த நோய்ப் பெயரை முன்னால் வைக்காமல், புறப்படும்போது இருந்த அறிகுறிகளை நேரத்தோடு எழுதுங்கள்.

மூன்றாவது, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் நோ சர்ப்ரைசஸ் சட்டம். எமர்ஜென்சிக்கு உங்கள் இன்சூரன்ஸோடு ஒப்பந்தம் செய்துகொண்ட நெட்வொர்க்கில் இல்லாத மருத்துவமனைக்குப் போக நேர்ந்தாலும், நெட்வொர்க் கணக்கில் வரும் பங்கை மட்டும்தான் உங்களிடம் வாங்கலாம். இதில் ஒரு பெரிய ஓட்டை: தரையில் ஓடும் ஆம்புலன்ஸுக்கு இது பொருந்தாது. ஹெலிகாப்டருக்குப் பொருந்தும்! சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

ஊரில் இருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு வாங்கிய விசிட்டர் இன்சூரன்ஸை இந்தப் பாதுகாப்புகளோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது வேறு ஜாதி. ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று குட்டித் தொகையாக நிர்ணயித்த திட்டங்கள் அதில் உண்டு. ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் கொடுப்பார்களா என்பதற்குத் தனி நிபந்தனைகள் இருக்கும். அவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே படிக்க வேண்டிய பக்கம் அது. பெரிய பில் வந்துவிட்டால், லாபநோக்கற்ற மருத்துவமனை என்றால் நிதி உதவிக் கொள்கையை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது வரிச் சட்டம். விண்ணப்பம் கேட்டு வாங்குங்கள், வரி வரியாகப் பிரித்த பில்லையும் கேளுங்கள்.

இன்னொரு பொறி கட்டடத்திலேயே இருக்கிறது. மருத்துவமனையோடு ஒட்டாமல் ஷாப்பிங் பிளாசாவில் தனியாக நிற்கும் ஈஆர்கள் சில மாநிலங்களில் நிறைய உண்டு. டெக்சாஸ் 2009-இல் இவற்றுக்கு லைசென்ஸ் தரச் சட்டம் கொண்டுவந்தது. பார்க்க அர்ஜென்ட் கேர் போலவே இருக்கும்: பளிச்சென்ற வரவேற்பறை, காபி மெஷின், காத்திருப்பும் கிடையாது. பில் மட்டும் ஈஆர் பில். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் குழந்தையின் காதுவலிக்கு அப்படி ஒரு இடத்தில் நுழைந்து, பல வாரம் கழித்து வந்த கவரைத் திறந்து திகைத்து உட்கார்ந்தது. பெயர்ப் பலகையில் 'எமர்ஜென்சி' என்ற சொல் எங்காவது இருந்தால் அது ஈஆர்தான். சந்தேகம் என்றால் ரிசப்ஷனில் "இது அர்ஜென்ட் கேராக பில் ஆகுமா, ஈஆராக ஆகுமா?" என்று நேரடியாகக் கேட்கலாம்.

எங்கும் ஓடத் தேவையில்லாத நேரமும் உண்டு. இன்சூரன்ஸ் கார்டின் பின்பக்கத்தில் பெரும்பாலும் நர்ஸ் லைன் எண் இருக்கும். எதையாவது தெரியாமல் விழுங்கியிருந்தால், ஆள் நினைவோடு சாதாரணமாக மூச்சு விடும்வரை, 1-800-222-1222 என்ற பாய்சன் கன்ட்ரோல் எண்ணில் ராத்திரி இரண்டு மணிக்கும் பதில் சொல்வார்கள். மனம் உடைந்து உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் 988.

ஈஆர்தான் என்று முடிவாகிவிட்டால், மாத்திரைப் பெட்டியை அப்படியே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவமனைகள் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும், போன் வழியாகத் தமிழுக்கும் ஆள் கிடைப்பார்கள். ட்ரையாஜ் நர்ஸிடம் பேசக் கிடைப்பது சில நிமிடம்தான். அதில் அப்பா தன் வழக்கப்படி "ஒண்ணுமில்லம்மா, லேசா வாயு" என்பார். அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிடாதீர்கள். ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளி வைத்தார், சட்டை நனைகிற அளவுக்கு வியர்த்தது, இடது தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார் என்று பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்கள்.